தனக்குத் தானே எழுதிய சிபாரிசுக் கடிதம்

ரெம்யாவைப் பெரிய புத்திசாலி என்று சொல்வதற்கில்லை. பி.டெக். படிப்பில் இரண்டு பேப்பர் போய், மறுபடி எழுதித்தான் தேறினாள். பேச்சுச் சாமர்த்தியமும் கிடையாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல மட்டும் அவளுக்கு வராது. இதை உடனே நற்குணம் என்று எழுதிவிடக் கூடாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாததுபோல, அது வெறும் உடம்பு வாகாகவும் இருக்கலாம்.

வயது முப்பத்தொன்று. வீடு பாறசாலையில். காலைப் பாசஞ்சரில் திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்குப் போவாள். அங்கே நீரியல் ஆய்வகத்தில் இன்ஸ்ட்ரக்டர். பம்பை ஓட்டுவது, மாணவர்கள் அளவு எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது, கசிகிற இடங்களை அடைப்பது, ஆறு வருடமாக இதுதான் வேலை. ஆனால் அவள் மனம் மணலில் கிடந்தது. பொழியூர்க் கடற்கரையில் அவள் சித்தி வீட்டின் முன்னறையைக் கடல் எடுத்துக்கொண்டு போன வருடம், சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் புதிதாக ஒரு கரை சேர்ந்திருந்தது. தண்ணீர் எந்த மணலைத் தூக்கும், எதை எங்கே போட்டுவிட்டுப் போகும் என்பதை ஒழுங்காகப் படிக்க ஆசைப்பட்டாள். அதற்கு மேற்படிப்பு வேண்டும்.

இரண்டு வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு வருடமும் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. மூன்றாவது வருடம் கனடாவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போட்டாள். அங்கே ஒரு பேராசிரியை கடற்கரை மணலில் ஆராய்ச்சி செய்கிறார், சேர்கிறவர்களுக்கு ஆய்வக வேலையும் தருகிறார். இதுவும் கிடைக்காவிட்டால் இனிமேல் விண்ணப்பிப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

விண்ணப்பத்துக்குச் சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். முக்கியமானது, ஆய்வகப் பொறுப்பாளர் பஞ்சாபகேசன் ஸார் தர வேண்டியது. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து, அங்கேயே இருக்கிறவர். இருபத்தாறு வருட அனுபவம். முந்தைய இரண்டு முறையும் அவர் தம் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கடிதம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். முதல் வருடக் கடிதத்தின் கடைசி வரியில் 'இந்தப் பையனுக்கு என் வாழ்த்துகள்' என்று இருந்ததை இருவருமே பிறகுதான் பார்த்தார்கள். இந்த முறை கனடாக்காரர்கள் ஒரு பக்கமாவது வேண்டும், நடந்த சம்பவங்களோடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"இவ்வளவெல்லாம் யாரு எழுதறது? நீயே எழுதிண்டு வா, நான் ஒப்பு போடறேன்" என்றார் பஞ்சாபகேசன். 'ஒப்பு' என்றால் அங்கே கையெழுத்து.

"ஸார், என்னப்பத்தி நானே எழுதணுமா?"

"எல்லாரும் அப்படித்தான் பண்றா. நன்னா தூக்கி எழுது, கேட்டயா. கூச்சப்படாதே."

எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது உண்மைதான். கடிதம் கேட்பவர் எழுதுவார், கொடுப்பவர் கையெழுத்துப் போடுவார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ரெம்யா உட்கார்ந்தாள். எதிரே அம்மா சுசீலாபாய் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஆள் அபூர்வமானவராக இருந்தார். 'நான் கற்பித்தவர்களில் முதல் ஒரு சதவீதத்தில் இவர் அடங்குவார்' என்று ஒரு வரி எல்லாக் கடிதத்திலும் வந்தது. ஸார் இதுவரை கற்பித்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர் என்று ரெம்யா கணக்கிட்டாள். அதில் ஒரு சதவீதம் முப்பது பேர். அந்த முப்பது பேர் யார் என்று தெரியாமல் அதை எப்படி எழுதுவது?

"ஒரு மணிக்கூறா ஒரு வரி கூட எழுதாம இருக்கியே பிள்ளே" என்றாள் அம்மா.

"நல்லதா எழுதணும் அம்மா. ஒண்ணும் வரல்ல."

உள்ளேயிருந்து அப்பா சற்குணத்தின் குரல் வந்தது. "நல்லது வரல்லேன்னா உள்ளத எழுது மக்களே. உள்ளதுக்கு என்ன கொறச்சல்?"

சற்குணம் பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் அன்று செய்த தவற்றை முதலில் சொல்ல வேண்டும். ஸ்தோத்திரம் அதற்கு அப்புறம்தான். எடையில் தூக்கிப் பிடித்தது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசியது, பரீட்சைக்குப் படிக்காதது எல்லாம் அங்கே சொல்லப்படும். பேசத் தெரிந்த நாள் முதல் ரெம்யா இதைச் செய்து வருகிறாள். ஒரு மனிதரைப் பற்றி உண்மையாகச் சொல்வது என்றால் அவர் செய்த தவற்றிலிருந்து ஆரம்பிப்பது என்றே அவளுக்குப் பழகியிருந்தது. அப்படியே ஆரம்பித்தாள். மீன் ஆய்ந்து முடிவதற்குள் கடிதம் முடிந்துவிட்டது.

பஞ்சாபகேசன் சொல்வதாக அவள் எழுதிய கடிதத்தின் முதல் பத்தியில் அவள் பெயரும் வேலையும் இருந்தன. இரண்டாவது பத்தி இப்படி: 'நான்கு ஆண்டுகளுக்கு முன் இவர் எங்கள் ஆய்வகத்தின் நீர்மட்ட அளவுகோலை மாற்றிப் பொருத்தினார். அதன் பூஜ்யத்தை நான்கு மில்லிமீட்டர் தவறாகக் குறித்துவிட்டார். இரண்டு பருவங்கள் இது தெரியாமல் போயிற்று. நீர் பாயும் அளவுக்கான குணகத்தை அந்த அளவுகோலில் யார் சோதித்தாலும் விடை 0.56 என்றுதான் வந்திருக்கும். ஆனால் நூற்றுப் பதினெட்டு மாணவர்களின் பதிவேடுகளிலும் பாடப்புத்தகத்தில் உள்ள 0.62-ஐ ஒட்டியே விடை இருந்தது. அவை எல்லாவற்றிலும் நான் கையெழுத்திட்டேன். நானும் கவனிக்கவில்லை. பிறகு இவரே ஒருநாள் தனியாகச் சோதனை செய்து தவற்றைக் கண்டுபிடித்து, தம் பெயரோடு அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்.'

இந்த 'நான் கையெழுத்திட்டேன்' என்ற வரியைச் சேர்க்கும்போது அவளுக்குக் குறும்பு எண்ணம் எதுவும் இல்லை. அது இல்லாவிட்டால் விவரம் முழுமையாகாது என்று நினைத்தாள். ஸார் படித்துவிட்டு வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

திங்கட்கிழமை வராந்தாவில் போனில் பேசிக்கொண்டே வந்த பஞ்சாபகேசன், கடிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நன்னா எழுதியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அது கனடாவுக்குப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு அவர் ஆய்வகத்துக்குள் வந்தார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஷிஜுவிடம் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ரெம்யா, என்னவாக்கும் எழுதி வச்சிருக்கே?"

"எதில ஸார்?"

"கடிதத்திலே. அந்தக் கனடா மதாம்மா நேக்கு மெயில் அனுப்பியிருக்கா. இத்தனை வருஷத்திலே தன் தப்பை இப்படி எழுதின ஒரு பேராசிரியரைப் பார்த்ததில்லையாம். என் நேர்மையைக் கண்டு ரொம்ப சந்தோஷமாம். வியாழக்கிழமை என்னோட பேசணுமாம்."

"ஸார் வாசிச்சிட்டுத்தானே ஒப்பு போட்டீங்க?"

"நான் எங்கே வாசிச்சேன்?" பஞ்சாபகேசன் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "'எல்லாவற்றிலும் நான் கையெழுத்திட்டேன்.' இந்த நான் யாரு?"

"ஸாராக்கும்."

ஷிஜு முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

"பொய்யா எழுதியிருக்கே?"

"இல்ல ஸார். நூத்திப் பதினெட்டு. ஸ்டோர் ரூமில இருக்கு. எண்ணினேன்."

பஞ்சாபகேசன் கோபக்காரர் அல்ல. ஆனால் எண்ணினேன் என்று அவள் சொன்ன விதம் அவரை உறுத்தியிருக்க வேண்டும். "ஷிஜு, சாவி எடு" என்றார்.

பழைய பதிவேடுகள் ஸ்டோர் ரூமில் சாக்கில் கட்டிக் கிடந்தன. ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, தாம் கையெழுத்திட்ட பதிவேடுகளை அவர் முதன்முறையாகப் படிக்கத் தொடங்கினார். 0.62. 0.61. 0.62. 0.63. ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய பச்சை மைக் கையெழுத்து, நல்ல அழகான கையெழுத்து. நாற்பது, ஐம்பது என்று புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பதிவேட்டில் நின்றார். சுமந்த் என்ற பையனுடையது. அதில் விடை 0.56. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். பக்கத்தில் அவர் கையாலேயே, 'தவறு, மறுபடி செய்' என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் சுமந்த் மறுபடி செய்திருந்தான். 0.62. பச்சைக் கையெழுத்து.

எட்டிப் பார்த்த ஷிஜு சொன்னான்: "அப்போ ஸாரே, உள்ளது எழுதினவனுக்கு மட்டும் சிவப்பு மை, அல்லே?"

பஞ்சாபகேசன் அந்த இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் புரட்டினார். ரெம்யாதான் பேசினாள். "ஸார், இது எனக்க தப்பு. நான் கடைசிப் பக்கம் மட்டும்தான் பாத்தேன். இத நான் கடிதத்தில எழுதல்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் எழுதவில்லையே என்று வருத்தப்படுகிறவளிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சொன்னவர்தான் வேறு. ஆனால் சாட்சி என்பது சொன்னவரைத்தானே சார்ந்திருக்கிறது? இன்னொருவர் பெயரில் சொன்ன உண்மையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புதன்கிழமை முழுவதும் ரெம்யா யோசித்தாள். மதாம்மா கேட்டால் ஸார் என்ன சொல்லுவார்? 'ஆமாம், நான் எழுதியதுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் இடம் கிடைத்துவிடும். அப்படி அவர் சொல்ல வேண்டும் என்று விரும்பினாள். விரும்புகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று ஜெபத்தில் அதைத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே காலை நேரத்தில், அழைப்பு வந்தது. பஞ்சாபகேசன் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெஞ்சில் ரெம்யா. பத்து நிமிடம் என்று சொன்னது அரை மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது அவர் சட்டைக் கைகளை மடித்துவிட்டிருந்தார்.

"சொல்லிட்டேன், கேட்டயா."

"என்னது ஸார்?"

"நான் எழுதலே, நீ எழுதினதுன்னு. வாசிக்காம ஒப்பு போட்டேன்னு. அந்த சுமந்த் பையன் விஷயத்தையும் சொல்லிட்டேன்."

ரெம்யா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலே. எழுதிண்டே இருந்தா. யோசிச்சுச் சொல்றேன்னா." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "மொதல்லே ஆமாம்னு சொல்லிடலாம்னுதான் உட்கார்ந்தேன். அவ என் நேர்மையை மறுபடியும் புகழ ஆரம்பிச்சா. நேக்குத் தாங்கலே. செய்யாத காரியத்துக்குப் புகழ்ந்தா உடம்பு கூசறது."

அன்று ராத்திரி ரயிலில் ரெம்யா பாறசாலைக்குத் திரும்பினாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தாளு செய்தது செரிதான்" என்றார் சற்குணம்.

சுசீலாபாய்க்குப் பொறுக்கவில்லை. "என்ன செரி? இருபத்தாறு வருஷமா வாசிக்காம ஒப்பு போட்ட மனுஷனுக்குச் சத்தியம் வாறதுக்கு எனக்க பிள்ளைக்க கடிதம்தானா கிடைச்சது? அடுத்த கடிதத்தில வந்திருக்கப்படாதா?"

உண்மை சரியான நேரத்தில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்பது பெரிய கேள்வி. அன்று அந்த வீட்டில் அதற்கு யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

மறுநாளே பஞ்சாபகேசனுக்குப் பதில் வந்தது. பழைய கடிதத்தை விலக்கிவிட்டார்கள். அவர் தம் கையால் எழுதுவதானால் ஐந்து நாளுக்குள் ஒன்று அனுப்பலாம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும். அதற்குப் பிறகு விண்ணப்பதாரரோடும் பேச வேண்டும்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பஞ்சாபகேசன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஆய்வகத்தின் மூலையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரெம்யா வால்வு திறப்பதையும், மாணவர்கள் அளவைக் கூட்டிக் குறைத்து எழுதும்போது அவள் ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொள்வதையும் பார்த்தார். இடையில் ஒருமுறை எழுந்து வந்து, "அந்தப் பூஜ்யத்தை எப்படி விட்டே?" என்று கேட்டார். நான்கு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை.

"தண்ணி அசையாம நிக்கட்டும்னு சாப்பிடப் போனேன் ஸார். வந்து பூஜ்யம் குறிச்சேன். அந்த நேரத்துக்குள்ள வால்வு கசிஞ்சு நாலு மில்லிமீட்டர் எறங்கிட்டு. பொறுமையா செய்ததுதான் தப்பாப் போச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்தார்.

ஷிஜு ரெம்யாவிடம் மெல்லச் சொன்னான்: "சேச்சி, ஸாருக்கு வீட்டில ஏதோ பிரச்சினை. இல்லேன்னா இங்க வந்து உக்காருவாரா?"

கடிதத்தை நான்காவது நாள் அனுப்பினார். ரெம்யாவுக்குக் காட்டவில்லை. "காட்டினா நீ திருத்துவே" என்றார். அதில் என்ன எழுதினார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அரைப் பக்கம்தான் இருந்தது என்று பிரின்டர் பக்கத்தில் நின்ற ஷிஜு சொன்னான்.

நேர்காணல் ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்தே நடந்தது. சுசீலாபாய் பின்னால் தெரிகிற அலமாரிக்கு ஒரு நல்ல போர்வையைக் கட்டினாள். சற்குணம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

பேராசிரியை நரைத்த தலையோடு, கம்பளிச் சட்டையில் இருந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார். முதல் கடிதத்தை எழுதியது நீதானா? ஆமாம். ஊரில் எல்லாரும் அப்படிச் செய்வார்களாமே? ஆமாம். தன்னைப் பற்றித் தானே எழுதக் கிடைத்த வாய்ப்பில் தன் தவற்றை எழுதியவள் நீ ஒருத்திதான், ஏன்?

பெருமையாக ஏதாவது சொல்ல இது நல்ல இடம். ரெம்யா யோசித்தாள். பிறகு தன் ஆங்கிலத்தில் சொன்னாள்: ஆறு வருடத்தில் நான் செய்த காரியங்களில் எண்ணால் அளந்து சொல்ல முடிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அபிப்பிராயம்.

பேராசிரியை சிரித்தார். அப்புறம் கடிதம் பற்றிய பேச்சே இல்லை. பொழியூர்க் கரையைப் பற்றிக் கேட்டார். எந்த மாதம் மணல் போகிறது, எந்த மாதம் திரும்புகிறது, மணலின் பருமன் என்ன. முதல் இரண்டுக்கும் பதில் சொன்னாள். மூன்றாவதுக்குத் தெரியாது என்றாள். சல்லடை வைத்து அளந்திருக்கலாம், செய்யவில்லை என்றும் சேர்த்தாள். நாற்பது நிமிடம் கழித்து லேப்டாப்பை மூடியபோது, மூடிய கதவுக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் நிற்பது நிழலில் தெரிந்தது.

"மதாம்மா சிரிச்ச சத்தம் கேட்டதே" என்றாள் சுசீலாபாய். "நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"தெரியல்ல அம்மா."

"பின்ன என்னதான் தெரியும் ஒனக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரெம்யா பொழியூருக்குப் போனாள். சித்தி வீட்டருகே மூன்று இடத்தில் மணல் அள்ளிப் பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டு வந்தாள். கல்லூரிச் சல்லடையில் சலித்து, பருமனைக் கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் ஒரு மெயிலில் அனுப்பினாள். இடம் கிடைப்பதற்காகச் செய்தாளா, கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருந்ததால் செய்தாளா என்று பிரித்துச் சொல்வது கடினம். அவளுக்கே தெரிந்திருக்காது. மெயிலுக்குப் பதில் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாறசாலை வீட்டில் பதில் வந்தது. செப்டம்பரில் சேரலாம், ஆய்வக உதவியாளர் வேலையும் உண்டு. கடைசியில் பேராசிரியை தனியாக மூன்று வரி சேர்த்திருந்தார். மணல் எண்கள் கிடைத்தன, மூன்றாவது மாதிரி மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை, வந்ததும் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ரெம்யா அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். சற்குணம் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். சுசீலாபாய் அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "மறுபடியும் சொல்லு" என்றாள்.

ரெம்யா பஞ்சாபகேசனுக்குப் போன் செய்தாள். "செரி. போய்ட்டு வா" என்றார். பின்னால் யாரோ பையன் "ஸார், இது போதுமா?" என்று கேட்பது கேட்டது. வீட்டுக்கே பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் படிக்கிறாராம் இப்போது. இந்தப் பருவத்தில் விடைகள் 0.58-இலிருந்து 0.66 வரை சிதறிக் கிடக்கின்றன என்றும், மாணவர்கள் ரெம்யாவைத் திட்டுகிறார்கள் என்றும் ஷிஜு ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

சுசீலாபாய்க்கு ஒரே கவலைதான். "அங்க குளிரு எவ்வளவு இருக்கும்?"

அந்தக் கேள்வி ரெம்யாவை வேறெங்கோ கொண்டுபோயிற்று. லேப்டாப்பை இழுத்து எழுத ஆரம்பித்தாள். சற்குணம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுக?"

"அங்க லேபில தண்ணிக்க சூடு எத்தனை டிகிரின்னு கேக்கேன் அப்பா. தண்ணி குளிர்ந்தா கொஞ்சம் கட்டியாகும். மணல் விழுகிற வேகம் மாறும். இங்கத்த கணக்கு அங்க ஒக்காது."

"மொதல்ல வருகேன்னு எழுது மக்களே. தண்ணியைப் பொறவு கேளு."

ரெம்யா இரண்டையும் எழுதினாள். கேள்வி முதலில் இருந்தது.